ஸ்டூடியோவுக்குப் போய்த் திரும்பிய ஊர்ப்பாட்டு

1994-ல் வந்த 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' பாட்டைக் கேட்காத காது தமிழ்நாட்டில் குறைவு. கம்ப்யூட்டரில் அடுக்கிய தாளம், சரளமான மெட்ராஸ் பாஷை, ராப் என்கிற அன்றைய அதிசயம். பாடியவர்கள் பட்டியலில் சுரேஷ் பீட்டர்ஸும் ஷாகுல் ஹமீதும் இருந்ததில் ஆச்சரியமில்லை. கூடவே இருந்த மூன்றாவது பெயர்தான் விசேஷம்: தேனி குஞ்சரம்மாள். நாட்டுப்புறப் பாடகி. வெட்டவெளிக்கென்று அமைந்த அந்தத் தொண்டையை, தமிழ்நாடு அதுவரை கேட்டதிலேயே நவீனமான பாட்டு ஒன்றுக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தார் ஏ.ஆர்.ரஹ்மான்.

இந்த ஒரு பாட்டை வைத்தே இரண்டு கட்சிக்காரர்களும் வாதாடலாம். சினிமாவும் பாப் இசையும் சேர்ந்து நாட்டுப்புறப் பாட்டை விழுங்கிவிட்டன என்பது ஒரு கட்சி. சினிமா எடுத்து வைத்ததால்தான் அந்தக் குரல் இன்றைக்கும் கேட்கிறது, இல்லாவிட்டால் பாடியவரோடு போயிருக்கும் என்பது இன்னொரு கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இரண்டுமே பேசாமல் விடுகிற சங்கதியும் ஒன்று இருக்கிறது. ஸ்டூடியோவில் மெருகேறிய பாட்டு அங்கேயே தங்கிவிடவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தது. வந்த பிறகு, ஊர்க்கலைஞர்கள் அதைப் பார்த்துத் தங்கள் பாட்டைத் திருத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

அந்தத் திருத்தத்தைத் திண்டுக்கல் பக்கமிருந்து பார்க்கலாம். திண்டுக்கல்லுக்கு இந்த வழக்கு புதிதில்லை. பழைய பாட்டா, புதுப் பாட்டா என்று மேடை போட்டு, அணி பிரித்து, பாடியும் காட்டித் தமிழ்நாடு முழுக்கப் பேர் வாங்கிய ஐ.லியோனி இந்த ஊர்க்காரர். பெயருக்கு முன்னால் ஊரையே சேர்த்துக்கொண்டவர். ஆனால், அந்தப் பட்டிமன்றங்களில் எதிரெதிராக நின்ற இரண்டு அணியும் சினிமாப் பாட்டுத்தான். மூன்றாவது அணி ஒன்று உண்டு. மாசியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவிலும், நத்தம் மாரியம்மன் கோயில் பூக்குழியிலும், பழனிக்குக் காவடி போகிற பாதையிலும் அதைக் கேட்கலாம். தப்பு, உருமி, பம்பை, நையாண்டி மேளம். நடுவர் அந்த அணியை மேடைக்கு அழைத்ததே இல்லை.

முடிகிற நேரம் தெரியாத பாட்டு

திண்டுக்கல் சமவெளி ஆற்றுப்பாசனத்தை நம்பி வாழ்ந்த பூமி கிடையாது. பெரும்பகுதி கிணற்றையும் மழையையும் பார்த்திருந்த காடு. கமலை இறைத்த காலத்தில் மாடு சரிவில் இறங்கும்போது சால் மேலே ஏறும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டியதும் மாடு பின்னோக்கி ஏறும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு எவ்வளவு நேரமோ, அவ்வளவுதான் பாட்டின் ஓரடி. மாடு களைத்தால் பாட்டும் மெதுவாகும். கரண்டு மோட்டார் வந்தது, கமலை நின்றது, கமலைப் பாட்டும் நின்றது. இதில் சினிமாவைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வேடசந்தூர்ப் பக்கம் நூற்பு மில்லுக்கு ஷிஃப்ட் மாற வேனில் போகிற பெண்களின் அம்மாக்களும் பாட்டிகளும் களை பறிக்கும்போது பாடியவர்கள். வேனில் டிரைவர் போடுகிற பாட்டுத்தான் ஓடும். மில்லுக்குள் இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேல் யார் பாடுவது?

வேலைப் பாட்டு இப்படிப் போக, எஞ்சியது சாமிக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் உரிய இசை. அதன் நடுநாயகம் தப்பு. வேப்பமரத்தில் மூன்று துண்டாக இழைத்துச் சேர்த்த வளையம். அதன்மேல் புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டிய கன்றுத்தோல். இடது கையில் நீளமான, மெல்லிய சிண்டுக்குச்சி. வலது கையில் குட்டையான, தடித்த அடிக்குச்சி. பனி இறங்கினால் தோல் தொய்ந்துபோகும், சத்தம் மந்தமாகும். அதனால் ஆட்டத்துக்கு முன்னும் இடையிலும் வைக்கோலைக் கொளுத்தி, தீயில் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, பதம் வந்ததும் அடிக்கத் தொடங்குவார்கள். சூடு ஆற ஆறச் சத்தம் இறங்கிக்கொண்டே வரும். மறுபடியும் தீ. ஒரே தப்பு ஒரே ராத்திரியில் பல குரலில் பேசும்.

நையாண்டி மேளத்தின் கணக்கு வேறு. இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுக்கு, தாளம். கரகாட்டக்காரிக்கும் தவில்காரருக்கும் நடுவில் நடக்கிற கேள்வி பதில்தான் அந்தக் கச்சேரியின் உயிர். அவர் ஒரு சொல்லை வீசுவார், அவள் காலால் பதில் சொல்லுவாள், கூட்டம் சிரிக்கும், அந்தச் சிரிப்பைப் பார்த்து அவர் இன்னொன்று வீசுவார். உருமியோ, வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து உறுமிக்கொண்டே இருக்கும், சாமியாடிக்கு அருள் இறங்குகிற வரைக்கும். அது ஐந்து நிமிஷத்திலும் இறங்கலாம், ஐம்பது நிமிஷமும் ஆகலாம். பாட்டு எப்போது முடியும் என்பது வாசிக்கிறவர் கையில் இல்லை.

கிராமபோன் ரெக்கார்டில் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்று அதிகம். ஆக, ஊர்ப்பாட்டின் மேல் நடந்த முதல் மெருகு வேலை கத்தரிக்கோல் வேலைதான்.

பண்ணைப்புரத்திலிருந்து பிரசாத் ஸ்டூடியோவுக்கு

ஊர் மெட்டைச் சினிமா எடுத்துக்கொண்டது இளையராஜாவுக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. 1957-ல் 'மக்களைப் பெற்ற மகராசி'யில் மருதகாசி எழுத, கே.வி.மகாதேவன் இசையில் டி.எம்.சௌந்தரராஜன் பாடிய உழவுப் பாட்டை வயலில் நின்றவர்களும் பாடினார்கள். 1972-ல் 'பட்டிக்காடா பட்டணமா'வில் எம்.எஸ்.விஸ்வநாதன் சோழவந்தான் பக்கத்துக் குத்தை டப்பாங்கூத்துத் துள்ளலோடு கொடுத்தார். அப்போதும் நாட்டுப்புற மெட்டு என்பது படத்தில் வந்துபோகிற விருந்தாளிதான்.

1976-ல் இளையராஜா இசையில் 'அன்னக்கிளி' வந்தபோது விருந்தாளி வீட்டுக்காரர் ஆனார். இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் திண்டுக்கல்லும் அன்றைக்கு ஒரே மதுரை மாவட்டம். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985-ல்தான். அண்ணன் பாவலர் வரதராசனோடு ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடி வளர்ந்தவர். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையும் கிட்டாரும் கற்றவர். இந்த இரண்டு படிப்பும் சேர்ந்த இடத்தில்தான் புதுமை இருந்தது. ஊர் மெட்டுக்கு அடியில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டை நடத்திக்கொண்டு போனது. மேலே வயலின் கூட்டம். நடுவில் எஸ்.ஜானகியின் குரல், ஊர்ப்பெண்ணின் சாயலில், ஆனால் சுருதி ஒரு மயிரிழை பிசகாமல். தாளத்துக்குப் பெரும்பாலும் தபேலாவும் டோலக்கும் வந்தன. தப்பு வெளியே நின்றது.

அது ஏன் என்பதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு, சாதிக் காரணமும் உண்டு. அன்றைய மைக்குகளுக்குத் தப்பின் அடி தாங்காது; முள் சிவப்பைத் தாண்டிவிடும், சத்தம் உடையும். சாவு வீட்டு வாத்தியம் என்று ஒதுக்கிவைத்ததை ஸ்டூடியோவுக்குள் அழைக்கத் தயங்கியவர்களும் இருந்தார்கள். எது முதல் காரணம் என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

பிறகு வந்தது 1989. கங்கை அமரன் இயக்கத்தில் 'கரகாட்டக்காரன்'. படம் ஓராண்டைத் தாண்டி ஓடியது. கரகாட்டத்தைப் பற்றிய படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டுகளை, நிஜக் கரகாட்டத்தில் வாசிக்கச் சொல்லிக் கூட்டம் கேட்கத் தொடங்கியது. நாதஸ்வரக்காரர் மறுத்தால் அடுத்த வருஷம் வெற்றிலை பாக்கு வேறு செட்டுக்குப் போய்விடும். அவர் ஏன் மறுக்க வேண்டும்? அவருக்கும் அந்தப் பாட்டுகள் பிடித்திருந்தன. அதிலும் இளையராஜாவின் மெட்டுகள் நாதஸ்வரத்தில் வழுக்கிக்கொண்டு போகும், ஏனென்றால் அதில் பாதி அங்கிருந்து போனதுதான்.

மாற்றம் நடந்தது வேறு இடத்தில். சினிமாப் பாட்டை வாசித்தால் அது ஆரம்பிக்கும் இடமும் முடியும் இடமும் ஊருக்கே தெரியும். இடையிசையைத் தவறவிட்டால் பொடியன்கூடக் கண்டுபிடிப்பான். தவில்காரர் கேள்வி வீச இடமில்லை. ஆட்டக்காரி பதில் சொல்லவும் இடமில்லை. படத்தில் கதாநாயகி ஆடிய அசைவைக் கூட்டம் எதிர்பார்க்கும். திருத்தி வாசிக்கிற உரிமை கைமாறியது இப்படித்தான், சண்டை எதுவும் இல்லாமல்.

ஸ்பீக்கர் தேர்ந்தெடுத்த குரல்கள்

இசையை மாற்றியதில் இசையமைப்பாளருக்கு உள்ள பங்கு சவுண்ட் சர்வீஸ்காரருக்கும் உண்டு. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வேப்பமரத்திலும் பனைமரத்திலும் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்கு அடிச்சத்தம் வராது. நடுச்சத்தமும் உச்சமும்தான் அதன் வழியே கிழித்துக்கொண்டு போகும். எல்.ஆர்.ஈஸ்வரியின் மாரியம்மன் பாடல்கள் திண்டுக்கல் தெருக்களில் ஆண்டுக்காண்டு அசையாமல் உட்கார்ந்ததற்குப் பக்தி ஒரு காரணம் என்றால், அந்தக் குரலின் கூர்மை இன்னொரு காரணம். மூன்று ஊர் தள்ளிக் கேட்கும். நாதஸ்வரமும் அந்தக் குழாய்க்குப் பொருந்தியது. பம்பையின் அடித்தோல் பொருந்தவில்லை.

எண்பதுகளில் கேசட் வந்தது. கடைத்தெருவில் ஒரு கேசட் கடையாவது இல்லாத ஊர் கிடையாது. துண்டுச்சீட்டில் பாட்டு எழுதிக்கொடுத்தால், காலி கேசட்டில் பதிந்து இரண்டு நாளில் கொடுப்பார்கள். பாட்டுப் பதிவு என்பது பெரிய கம்பெனியின் சமாச்சாரமாக இருந்தது போய்ச் சின்ன முதலுக்கும் எட்டியது. நாட்டுப்புறப் பாட்டுக்கு இது நல்ல காலம்தான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன், கணவரோடு ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த பாட்டுகளை மேடையில் பாடினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. புஷ்பவனம் குப்புசாமியும் அனிதாவும் நாட்டுப்புறப் பாட்டுக்கென்றே ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தார்கள். பேராசிரியர் கே.ஏ.குணசேகரனின் 'தன்னானே' கலைக்குழு அதையே அரசியல் மேடைக்குக் கொண்டுபோனது. இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' அவர் குரலில்தான் ஊர்களுக்குள் நுழைந்தது.

அதே காலத்தில் பக்கவாத்தியம் மாறியது. ரோலண்ட் கம்பெனியின் ஆக்டோபேட் 1985-ல் சந்தைக்கு வந்தது. எட்டு ரப்பர்த் தட்டு. குச்சியால் தட்டினால் டிரம்ஸ் வேண்டுமா டிரம்ஸ், தபேலா வேண்டுமா தபேலா. ஆறு பேர் வாசித்ததை ஒருவர் வாசிக்கலாம்; ஆறு பேருக்கான வேன் வாடகையும் சாப்பாடும் மிச்சம். இன்னிசைக் கச்சேரிக் குழுக்கள் முதலில் பிடித்துக்கொண்டன, நாட்டுப்புறக் குழுக்களும் பின்னால் வந்தன. கீபோர்டு நுழைந்ததும் சுருதியும் அதன் பேச்சைக் கேட்க வேண்டியதாயிற்று. வெட்டவெளியில் நன்றாகக் கேட்கட்டும் என்று உச்ச சுருதியில் ஊதிய திமிரி நாதஸ்வரம், கீபோர்டின் கட்டையோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போகிற நாதஸ்வரத்தை வாங்கு, இல்லையென்றால் நாதஸ்வரமே வேண்டாம், கீபோர்டிலேயே அந்தச் சத்தம் இருக்கிறது.

மலைமேலிருந்து இன்னொரு ஸ்பீக்கரும் பேசியது. கொடைக்கானலில் நிற்கிற அகில இந்திய வானொலியின் டிரான்ஸ்மிட்டர், உயரத்தின் தயவால், தென்மாவட்டங்கள் பலவற்றை ஒரே வீச்சில் எட்டியது. கோடை பண்பலை, 100.5. டீக்கடையிலும் டிராக்டரிலும் பூப்பறிக்கும் தோட்டத்திலும் அதுதான். எஃப்.எம்-மின் துல்லியத்துக்குப் பழகிய காது, பக்கத்துத் தெருத் தப்புச் செட்டைக் கேட்டதும் 'கரகரப்பாக இருக்கே' என்று நினைக்க ஆரம்பித்ததில் வியப்பில்லை.

இப்போது பெட்டி ஸ்பீக்கர், நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கிற பேஸ். கூம்பு ஸ்பீக்கருக்குப் போலீஸ் தடை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கியே கூடாது என்பது 2000-ம் ஆண்டு விதி. விடிய விடிய ஆடிய கரகாட்டம் 10 மணிக்குள் முடிய வேண்டும். அந்தக் குறுகிய நேரத்திலும் 'ஆடல் பாடல்' குழு பங்கு கேட்கிறது. அதற்கு அனுமதி கோரி உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு மனு போவதும், நிபந்தனைகளோடு அனுமதி வருவதும் திருவிழாக் காலத்துச் செய்திகளில் வாடிக்கை. கேரளத்துச் செண்டை மேளமும் வந்து நிற்கிறது. வேட்டியும் வரிசையும் வீடியோவுக்கு அழகாக இருக்கிறதாம்.

நாஷ்வில்லின் சில்லறைச் சத்தம்

இந்தக் கதை அமெரிக்காவில் இன்னும் முன்னாலேயே நடந்தது. 1927-ல் ரால்ஃப் பியர் என்ற பதிவாளர் டென்னசி, வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டல் ஊரில் தற்காலிக ஸ்டூடியோ போட்டு மலைநாட்டுக்காரர்களின் பாட்டைப் பதிந்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரோட்ஜர்ஸும் அப்போது வெளிப்பட்டவர்கள். கன்ட்ரி மியூசிக் என்கிற வியாபாரம் அங்கிருந்து எழுந்தது. ஐம்பதுகளில் ராக் அண்ட் ரோல் வந்து அந்த வியாபாரத்தை அடித்தபோது, நாஷ்வில்லில் செட் அட்கின்ஸ், ஓவன் பிராட்லி போன்ற தயாரிப்பாளர்கள் பிடிலையும் ஸ்டீல் கிட்டாரையும் பின்னால் தள்ளி, வயலின் கூட்டத்தையும் கோரஸையும் முன்னால் வைத்தார்கள். பாட்சி கிளைனின் 1961-ம் ஆண்டுப் பாட்டுகள் அந்த மெருகின் உச்சம். 'நாஷ்வில் சவுண்டு என்றால் என்ன?' என்று கேட்டவர்களுக்கு, அட்கின்ஸ் பாக்கெட்டில் கையை விட்டுச் சில்லறையைக் குலுக்கிக் காட்டுவாராம்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. 1975-ல் விருது விழா மேடையில் ஆண்டின் சிறந்த கலைஞர் ஜான் டென்வர் என்று சீட்டில் இருந்ததைப் பார்த்த சார்லி ரிச், லைட்டரை எடுத்து அந்தச் சீட்டைக் கொளுத்தினார். டென்வர் பாப் பாடகர், கன்ட்ரிக்காரர் இல்லை என்பதற்கான கண்டனம் என்றே பலரும் எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், ரிச்சே மெருகேற்றிய பாட்டுகளால்தான் பெரிய ஆளானவர். 1997-ல் ஷனையா ட்வெயினின் 'கம் ஆன் ஓவர்' ஆல்பத்தை மட் லாங் தயாரித்தபோது இந்தக் கூச்சமெல்லாம் போய்விட்டது: கன்ட்ரி வானொலிக்கு ஒரு கலவை, உலகச் சந்தைக்குப் பிடிலைக் குறைத்து இன்னொரு கலவை.

அங்கும் இங்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. நாஷ்வில் பாட்டை மெருகேற்றியபோது பாடகரின் பெயரும் சேர்ந்து பளபளத்தது. பாட்சி கிளைன் பாட்சி கிளைனாகவே இருந்தார். தமிழ்நாட்டில் ஊர்ப்பாட்டுக்கென்று தனித் தொழில் இல்லை. பெரிய காசு எல்லாம் சினிமா வழியாகத்தான். அதனால் மெருகேறியது பாட்டு, பெயர் எடுத்தது படம். கரகாட்டத்துக்கு நாஷ்வில் எதுவும் வாய்க்கவில்லை.

வெட்டி ஒட்டிய அடி

2000-க்குப் பிறகு தப்பும் உருமியும் ஸ்டூடியோவுக்குள் வெற்றிகரமாக நுழைந்தன. 2003-ல் 'திருடா திருடி'யின் 'மன்மத ராசா', 2004-ல் 'கில்லி', 2008-ல் 'காதலில் விழுந்தேன்' படத்தின் 'நாக்க முக்க'. கடைசியில் சொன்னதை நகுலோடு பாடியவர் சிவகங்கைப் பக்கத்து நாட்டுப்புறப் பாடகி சின்னப்பொண்ணு. விஜய் ஆண்டனியின் அந்தப் பாட்டைத் தமிழ் தெரியாதவர்களும் ஆடித் தீர்த்தார்கள்.

இதில் நுழைந்தது என்ன, நுழையாதது என்ன என்று பார்க்க வேண்டும். கம்ப்யூட்டரில் பதிவு செய்யும்போது தப்பில் நல்லதாக விழுந்த ஓர் அடியை எடுத்து, வேண்டிய இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளலாம். திரையில் கோடு போட்ட கட்டத்துக்குள் ஒவ்வோர் அடியும் உட்கார்ந்துவிடும்; முந்தாது, பிந்தாது. தீயில் காய்ச்சிய முதல் நிமிஷத்துச் சத்தமே நான்கு நிமிஷமும் இருக்கும், தோல் ஆறவே ஆறாது. குரலுக்கு 1997-ல் வந்த ஆட்டோ-டியூன் இருக்கிறது. ஒப்பாரியில் சுருதி இறங்கிக்கொண்டே போவது அழுகையின் இலக்கணம். மென்பொருளுக்கு அது பிழை.

ஊர்ச் செட்டுகளும் இந்தச் சத்தத்துக்கு ஏற்ப மாறின. தவிலின் தோல்வாருக்குப் பதில் ஸ்டீல் வளையமும் நட்டு போல்ட்டும் வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பம்பைக்கும் தப்புக்கும் ஃபைபர் முகம். தீ மூட்ட வேண்டாம், மழையில் நனைந்தாலும் கவலையில்லை, தோல் கிழிந்து ராத்திரியில் அலைய வேண்டாம். சத்தமோ கண்ணாடியில் சுண்டியது மாதிரி, ஒரே குரலில் 'டங்' என்கிறது. பழைய ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். முதுகில் சுமந்து பத்து கிலோமீட்டர் நடக்காதவர்களுக்குத் தோலின் பெருமையைப் பேசுவது சுலபம் என்பதையும் சொல்ல வேண்டும்.

யார் பாட்டு?

2021 மார்ச்சில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' இந்த விவகாரம் எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் கொண்டுவந்து நிறுத்தியது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடியது, உள்ளே ஒப்பாரியின் சாயல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு நிலமில்லாமல் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து பிறந்த வரிகள் என்று அறிவு சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பிறகு அறிவுக்குத் தனியாக டிஜிட்டல் அட்டை வந்தது. 2022-ல் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அதே பாட்டைத் தீயோடு சேர்ந்து பாடியவர் கிடாக்குழி மாரியம்மாள். 'கர்ணன்' படத்தில் 'கண்டா வரச்சொல்லுங்க' பாடிய நாட்டுப்புறப் பாடகி. அங்கேயும் அறிவு இல்லை. 2024-ல் சந்தோஷ் நாராயணன் அந்தப் பாட்டால் தங்களுக்குக் காசு வந்து சேரவில்லை என்று இசை நிறுவனத்தைக் குறை சொல்லி வீடியோ வெளியிட்டார்.

படித்த, பேசத் தெரிந்த, சென்னையில் இருக்கிற கலைஞர்களுக்கே இந்தக் கதி. பெயர் போடாத பாட்டிகளின் மெட்டுக்கு யார் வழக்காடுவது? 1957-ம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்துக்கு ஆசிரியர் என்று ஓர் ஆள் வேண்டும். 2012 திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையை உறுதிப்படுத்தியது, பாடகருக்கும் பங்கு தந்தது. பரம்பரைப் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை, அதனால் அது எல்லாருக்கும் பொது. அதையே ஒருவர் ஸ்டூடியோவில் மெருகேற்றிப் பதிந்தால் அந்தப் பதிவு அவருக்குச் சொந்தம்.

மாற்று உதாரணமும் உண்டு. திண்டுக்கல்லைச் சேர்ந்த ராஜலட்சுமியும் புதுக்கோட்டைப் பக்கத்துச் செந்தில் கணேஷும் நாட்டுப்புற மேடைகளில் வளர்ந்த தம்பதி. 2018-ல் விஜய் டி.வி-யின் சூப்பர் சிங்கர் மேடைக்கு ஊர்ப்பாட்டையே எடுத்துப்போனார்கள். அந்தப் பட்டத்தைச் செந்தில் கணேஷ் வென்றார். அவர்கள் மேடையில் பாடிவந்த 'சின்ன மச்சான்' 2019-ல் 'சார்லி சாப்ளின் 2' படத்துக்குப் போனபோது, பாடியவர்களும் அவர்களாகவே இருந்தார்கள், எழுதிய செல்லத்தங்கையாவின் பெயரும் கூடவே போனது. 'புஷ்பா'வின் தமிழ்ப் பதிப்பில் 'சாமி சாமி' ராஜலட்சுமியின் குரல். இசை தேவிஸ்ரீ பிரசாத், மெருகுக்குக் குறைவில்லை. ஆனாலும் அந்தக் குரலில் மேடைக்காரியின் எடுப்பு அப்படியே நிற்கிறது.

ஸ்டூடியோ பக்கம் போகாதவர்கள்

மெருகைப் பற்றிய புலம்பல் ஒன்றை மறந்துவிடுகிறது. தப்பை யாரும் எப்போதும் விரும்பி மட்டும் அடித்ததில்லை. சாவுக்கு அடி, சாமிக்கு அடி, கூலி கேட்காதே என்று சாதி சொன்னது. 'இனி சாவுக்கு அடிக்க மாட்டோம்' என்று குச்சியைக் கீழே போட்ட தலித் சேரிகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. அந்த ஊர்களில் தப்பு நின்றுபோனதற்குக் கீபோர்டு காரணமில்லை. அது ஒரு போராட்டத்தின் முடிவு.

இதே திண்டுக்கல்லில் இயங்கும் சக்தி கலைக்குழு அந்த இடத்திலிருந்து வேறு திசையில் நடந்தது. சிஸ்டர் சந்திராவும் சிஸ்டர் ஃபெல்சியும் தொடங்கிய இந்தக் குழுவில், பள்ளிப் படிப்பை நிறுத்திய தலித் பெண்பிள்ளைகள் தையலும் கற்கிறார்கள், தப்பின் இன்னொரு பெயரான பறையும் கற்கிறார்கள். ஆண்கள் மட்டும் தொட்ட தோலைப் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, கூட்டத்தின் கண்ணைப் பார்த்து அடிக்கிறார்கள். ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தின் இசை ஆய்வாளர் ஜோ ஷெரினியன் இவர்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படம் எடுத்தார். இதுவும் மெருகுதான் என்று வாதிடலாம்: சீருடை உண்டு, ஒத்திகை உண்டு, மேடைக்குரிய கால அளவு உண்டு. ஆனால், மெருகு போட்டவர்கள் வாசிக்கிறவர்களே. எவ்வளவு, எதற்காக என்பதை அவர்களே முடிவு செய்தார்கள்.

பக்கத்து அலங்காநல்லூர்க்காரரான பறை ஆசான் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு வள்ளி ஒயில் கும்மிக்காகக் கோவைப் பக்கத்துப் பத்திரப்பனுக்கு. பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் வள்ளிக் கும்மி மைதானம் கொள்ளாத கூட்டத்தோடு திரும்பியிருக்கிறது, ஒரே நிறச் சேலையும் மைக்கும் பெட்டி ஸ்பீக்கருமாக. சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கிறவர்கள் வார இறுதியில் பறை கற்கப் போகிறார்கள். கௌரவம் கூடியிருக்கிறது, சந்தேகமில்லை. அந்தக் கௌரவம் ஊர்ச் செட்டின் கூலியில் எவ்வளவு தெரிகிறது என்பதுதான் கேள்வி.

விழாக் கமிட்டிக் கூட்டத்தில் பேச்சு இன்றைக்கும் பழைய முறையில்தான் நடக்கிறது. வெற்றிலை பாக்கு, அட்வான்ஸ், மீதி ஆட்டம் முடிந்ததும். டி.ஜே-வுக்கு ஒரு தொகை, ஆடல் பாடலுக்கு ஒரு தொகை, செண்டைக்கு ஒரு தொகை, போக மீதியில் மேளம். சில செட்டுகள் தாங்களே பென்டிரைவில் டிராக் கொண்டுவருகின்றன. பின்னணி அதில் ஓட, மேலே நாதஸ்வரமும் தவிலும் மட்டும் நேரடியாக. இரண்டு ஆள் கூலி மிச்சம். டிராக் நின்றால் ஆட்டமும் நிற்க வேண்டும் என்பதால் உருமிக்காரரை மட்டும் விடுவதில்லை. அருள் வருவதற்கு டிராக் கிடையாது.

மறுநாள் காலையில் அந்த ஆட்டத்தை யாராவது யூடியூபில் ஏற்றுகிறார்கள். நையாண்டி மேளம் வாசித்த மெட்டைக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டுகொள்கிறது. ஊரிலிருந்து போன மெட்டா, ஊருக்குத் திரும்பி வந்த மெட்டா என்று அதற்குத் தெரியாது. பாட்டின் உரிமை வைத்திருக்கும் ஆடியோ கம்பெனி காப்புரிமை கோருவதாக வீடியோ போட்டவருக்கு அறிவிப்பு வருகிறது. விளம்பர வருமானம் வந்தால் அது கம்பெனிக்கு. ஊதியவருக்குக் கமிட்டி கொடுத்தது மட்டும்.